லேப்டாப் ஓரத்தில் எந்த போர்ட், ஏன்? புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லேப்டாப் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு போகிறார்கள்: பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு. ஓரத்தில் என்னென்ன போர்ட் இருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அப்புறம் காலேஜ் செமினார் அன்று புரொஜெக்டர் ஒயரைக் கையில் பிடித்தபடி லேப்டாப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருப்பார்கள். சில மாடல்களில் ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், எஸ்எஸ்டியையும் மாற்றலாம். இல்லாத போர்ட்டை எந்த சர்வீஸ் கடையிலும் வைத்துத் தர மாட்டார்கள்.

எந்த போர்ட்டும் சும்மா வந்து உட்காரவில்லை. வைப்பதா வேண்டாமா என்று கம்பெனிக்குள் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். வடிவமைக்கிறவர் இன்னும் மெலிதாக வேண்டும் என்பார். கணக்குப் பார்க்கிறவர் செலவைச் சொல்வார். ஆபீஸ்களுக்கு மொத்தமாக விற்கிறவர் ‘லேன் போர்ட் (நெட்வொர்க் ஒயர் செருகும் வாய்) இல்லையென்றால் ஆர்டர் வராது’ என்பார். தீர்ப்பு ஓரத்தில் தெரியும். அதைப் படிக்கத் தெரிந்தால், இந்த லேப்டாப்பை யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று சொல்லிவிடலாம். அந்த ஆள் நீங்கள்தானா என்பதுதான் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது.

படி 1: உங்களிடம் இருப்பதை எழுதுங்கள்

லேப்டாப்பைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். தினமும் எதைச் செருகுகிறீர்கள், மாதம் ஒரு முறை எதைச் செருகுகிறீர்கள் என்று இரண்டு பகுதியாக எழுதுங்கள். மவுஸ், பென்டிரைவ், பிரிண்டர், ஹெட்செட், பெரிய மானிட்டர், கேமரா கார்டு, வெளி ஹார்டு டிஸ்க். ஆடிட்டர் ஆபீஸில் வேலை என்றால் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் இருக்கும். இ-சேவை மையம் நடத்துகிறவருக்குக் கைரேகை எந்திரம் இருக்கும். இவற்றில் பலவும் இன்னும் பழைய அகலமான யூஎஸ்பி முனையோடுதான் வருகின்றன.

தினமும் செருகுகிற பொருளுக்கு லேப்டாப்பிலேயே போர்ட் வேண்டும். எப்போதாவது செருகுவதற்கு ஹப் (ஒரே போர்ட்டில் மாட்டிப் பல போர்ட்டாகப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி) போதும். இதைப் பிரித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 2: சுற்றிப் பாருங்கள், தடிமனைக் கவனியுங்கள்

கடையில் டிஸ்ப்ளேக்கு வைத்திருக்கும் லேப்டாப்பை இடது, வலது, பின்பக்கம் என்று மூன்று பக்கமும் பாருங்கள். எந்தெந்த போர்ட் இருக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது மில்லிமீட்டர்தான்.

லேன் ஒயரின் முனை சுமார் 8 மில்லிமீட்டர் உயரம். பழைய யூஎஸ்பி முனையும் ஹெச்டிஎம்ஐ முனையும் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர். ஹெட்போன் பின் 3.5. டைப்-சி முனை இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே. இதோடு, முனையைப் பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு தகரக்கூடு வேண்டும், அதற்கு மேலும் கீழும் லேப்டாப்பின் உடல் வேண்டும். மெலிந்துகொண்டே வந்த லேப்டாப்களில் லேன் போர்ட் ஏன் முதலில் காணாமல் போனது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

அதையும் விடாமல் வைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சில ஆபீஸ் லேப்டாப்களின் லேன் போர்ட்டைக் கிட்டே பார்த்தால் பாதி மூடிய மாதிரி இருக்கும். கீழே ஒரு சின்ன பிளாஸ்டிக் தாடை, உள்ளே ஸ்பிரிங். ஒயரைச் செருகும்போது தாடை கீழே இறங்கி வாய் பெரிதாகும், எடுத்தால் திரும்ப மூடிக்கொள்ளும். பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனங்களுக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னொன்று: இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம் அல்ல. பல லேப்டாப்களில் மெயின் போர்டு ஒரு பக்கமாகத்தான் இருக்கும். மறுபக்கத்து போர்ட்டுகள் ஒரு சின்னத் தனி போர்டில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் இணைக்கும். வேகம் கூடக்கூட சிக்னல் தூரம் தாங்காது. அதனால் வேகமான டைப்-சி போர்ட்டுகளைப் பிராசஸருக்குப் பக்கத்தில் வைப்பார்கள். தூரத்தில் வைத்தே ஆக வேண்டுமென்றால் சிக்னலைச் சீர்படுத்தித் தர இடையில் தனிச் சிப் வேண்டும், அதற்குத் தனிச் செலவு. விலை குறைந்த மாடல்களில் அந்த மறுபக்கத்து யூஎஸ்பி போர்ட் பழைய மெதுவான ரகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹார்டு டிஸ்கை எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேமிங் லேப்டாப்களில் சார்ஜர், ஹெச்டிஎம்ஐ, லேன் எல்லாம் பின்பக்கம் போயிருக்கும். மவுஸ் ஓடுகிற கைக்கு ஒயர் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 3: சார்ஜ் எப்படி ஏறுகிறது?

உருண்டைப் பின், டைப்-சி, ஆப்பிளின் காந்தப் பின். இன்று கடையில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும்.

உருண்டைப் பின் மலிவு. வோல்ட் அளவு மாறாமல் எப்போதும் ஒரே அளவில் உள்ளே வரும், லேப்டாப் அதை வாங்கிக்கொள்ளும். டைப்-சியில் அப்படி இல்லை. முதலில் 5 வோல்ட்டில் தொடங்கி, சார்ஜரும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசி, 9, 15, 20 என்று எது ஒத்துவருமோ அதற்குப் போகும். இதற்குப் பவர் டெலிவரி என்று பெயர். பேசி முடிவெடுக்க உள்ளே தனியாக ஒரு சிப் வேண்டும். விலையை அடக்க நினைக்கும் கம்பெனி அந்தச் சிப்பை விட்டுவிட்டு, டைப்-சி போர்ட்டை டேட்டாவுக்கு மட்டும் கொடுத்து, சார்ஜுக்கு உருண்டைப் பின்னையே வைத்துவிடும். டைப்-சி இருக்கிறதே, போன் சார்ஜரில் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பி வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சார்ஜரின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கப் பழகுங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 65 வாட். சாதாரண லேப்டாப்களுக்கு 45 அல்லது 65 வாட் போதும். லேப்டாப் டைப்-சியில் சார்ஜ் ஆகும் ரகம் என்றால், நல்ல தரமான வேறு கம்பெனி பவர் டெலிவரி சார்ஜரையும் பயமில்லாமல் போடலாம். வாட் குறைவாக இருந்தால் மெதுவாக ஏறும் அல்லது ஏறாமல் போகும், திரையில் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான்.

கேமிங் லேப்டாப்கள் ஏன் இன்னும் பெரிய பின்னைக் கட்டிக்கொண்டு அழுகின்றன? டைப்-சியில் முதலில் 100 வாட்தான் உச்சவரம்பு. 2021இல் வந்த புதிய விதியில் அதை 48 வோல்ட் வரை தூக்கி 240 வாட் ஆக்கினார்கள். பெரிய கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களில் சிலவற்றுக்கு 330 வாட் சார்ஜர்கூட வருகிறது. அங்கே டைப்-சி எட்டாது.

மற்ற லேப்டாப்களில் இந்த மாற்றத்தைச் சட்டமும் தள்ளுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி சார்ஜைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவுக்கு ஒரு டிசைன், நமக்கு ஒரு டிசைன் என்று செய்வது கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் நம் கடைகளிலும் உருண்டைப் பின் மெல்ல மெல்லக் குறையும் என்றே நினைக்கிறேன்.

படி 4: அகலமான யூஎஸ்பியை டார்ச் அடித்துப் பாருங்கள்

1990களில் கம்ப்யூட்டரின் பின்பக்கம் மவுஸுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று விதவிதமான போர்ட்டுகள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒன்று வேண்டும் என்று இன்டெலில் வேலை பார்த்த அஜய் பட்டின் குழு முன்னின்று உழைத்ததில் 1996இல் யூஎஸ்பி வந்தது. 1998இல் ஆப்பிள் தன் ஐமேக்கில் பழைய போர்ட்டுகளைத் தூக்கிவிட்டு இதை வைத்தது. யார் வேண்டுமானாலும் ராயல்டி கட்டாமல் பயன்படுத்தலாம் என்று இன்டெல் விட்டதும் இது பரவியதற்கு ஒரு பெரிய காரணம். எப்படித் திருப்பினாலும் முதல் தடவை உள்ளே போகாதே என்று உலகமே அலுத்துக்கொள்கிறது அல்லவா? இருபக்கமும் செருகும்படி செய்திருந்தால் ஒயரும் சர்க்யூட்டும் கூடிச் செலவு ஏறியிருக்கும் என்று பின்னாளில் பட்டே சொன்னார். மலிவாக இருந்தால்தான் எல்லோரும் ஏற்பார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அது பலித்தது.

முப்பது ஆண்டுகளாக விற்ற அத்தனை பொருட்களும் இந்த முனையோடு வீடுகளில் கிடப்பதால், கம்பெனிகளால் இதை எடுக்க முடியவில்லை. ஒன்றாவது இல்லாமல் வாங்காதீர்கள் என்பது என் கட்சி. இரண்டு இருந்தால் நிம்மதி.

வேகத்தைத் தெரிந்துகொள்ள, போனில் டார்ச்சைப் போட்டு போர்ட்டுக்குள் அடியுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அதில் நான்கு செம்புக் கோடுகள் மட்டும் இருந்தால் அது 2000இல் வந்த யூஎஸ்பி 2.0. அவற்றோடு இன்னும் ஐந்து பொடிப் பொட்டுகள் தெரிந்தால் அது 2008இல் வந்த 3.0 அல்லது அதற்கு மேல். நாக்கு நீலமாக இருந்தாலும் வேகமான ரகம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீலம் கட்டாயம் அல்ல. அழகுக்காகக் கருப்பாகவே விட்டுவிடும் கம்பெனிகள் உண்டு.

வித்தியாசம் எவ்வளவு? 2.0இல் எழுத்தில் 480 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்), நடைமுறையில் வினாடிக்கு 35 எம்பி கிடைத்தால் பெரிது. 20 ஜிபி கல்யாண வீடியோவை ஏற்ற ஒன்பது, பத்து நிமிடம் ஆகும். 3.0இல் 5 ஜிபிபிஎஸ். நல்ல வெளி எஸ்எஸ்டியில் அதே வேலை ஒரு நிமிடத்துக்குள் முடியும். மவுஸ், கீபோர்டு, டோக்கனுக்கெல்லாம் பழைய வேகமே தாராளம். அதனால்தான் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் கலந்து வைக்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாதது. யூஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழும். ஒயர்லெஸ் மவுஸ் ஓடுவதும் அதே அலைவரிசையில்தான். ஹார்டு டிஸ்க் மாட்டியதும் மவுஸ் தத்தித் தத்தி நகர்கிறதென்றால் மவுஸைக் குறை சொல்லாதீர்கள். லேப்டாப்பில் செருகியிருக்கும் அதன் குட்டி ரிசீவரை எதிர்ப்பக்கத்து போர்ட்டில் மாற்றிப் போடுங்கள்.

படி 5: டைப்-சி – இங்கே நிதானமாக இருங்கள்

குழப்பமே இங்கேதான். 2014இல் வந்த டைப்-சி என்பது வாயின் வடிவத்துக்கான பெயர் மட்டும். அந்த வாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டைப்-சி போர்ட்டுகளில் ஒன்று பென்டிரைவ் மட்டும் படிக்கும், இன்னொன்று லேப்டாப்பை சார்ஜ் செய்து, இரண்டு மானிட்டரையும் ஓட்டி, ஹார்டு டிஸ்கையும் தாங்கும்.

உள்ளே 24 தொடுமுனைகள். அவற்றில் வேகமான டேட்டாவுக்கு நான்கு தடங்கள். இதை நான்குவழிச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் திரைக்கே கொடுக்கலாம், இரண்டைத் திரைக்கும் இரண்டை டேட்டாவுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். இந்தப் பிரிவினை பின்னால் ஹப் வாங்கும்போது நம்மைக் கடிக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரைக்கு அனுப்ப ஒரு சர்க்யூட், சார்ஜ் பேச ஒரு சிப், வேகம் கூடினால் சிக்னலைச் சீர்படுத்த ஒரு சிப் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செலவு. எதை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி தீர்மானிக்கும்.

பக்கத்தில் பொறித்திருக்கும் குறிகளைப் பாருங்கள். பிளக் அல்லது பேட்டரி மாதிரி படம் இருந்தால் சார்ஜ் உண்டு. ஆங்கில ‘டி’ எழுத்துக்குள் ‘பி’ இருக்கிற மாதிரிக் குறி டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு உரியது. அது இருந்தால் மானிட்டர் ஓடும். அம்பு முனையோடு மின்னல் இருந்தால் அது தண்டர்போல்ட் என்ற அதிவேக ரகம், பெரும்பாலும் எல்லாமே உண்டு. 10, 20, 40 என்று எண் இருந்தால் அது ஜிபிபிஎஸ் வேகம். ஒரு குறியும் இல்லையா? அப்போது போர்ட்டை நம்பாதீர்கள், கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரத்தைத் திறந்து பாருங்கள். விற்பனைத் தளங்களில் ‘டைப்-சி 1’ என்று மட்டும் போட்டிருப்பார்கள், அது எதற்கும் உதவாது. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் கடைசியில் வரும் எண்ணும் எழுத்தும் மாறினால் போர்ட்டும் மாறலாம் என்பதால், பெட்டியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை வைத்தே தேடுங்கள்.

அந்த விவரத்தில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: ‘பவர் டெலிவரி’, ‘டிஸ்ப்ளேபோர்ட்’. இரண்டும் இருந்தால் நல்ல போர்ட். வேகத்துக்கு வரும்போது பெயர்களில் ஏமாறாதீர்கள். யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றே, 5 ஜிபிபிஎஸ்தான். பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் புதிது போலக் காட்டியிருக்கிறார்கள். 3.2 ஜென் 2 என்றால் 10. ஜென் 2×2 என்றால் 20. யூஎஸ்பி4 என்றால் பெரும்பாலும் 20 அல்லது 40. தண்டர்போல்ட் 4 என்றால் 40, இரண்டு 4கே மானிட்டர் ஓட்டியே ஆக வேண்டும் என்பது அதன் விதி. 2019இல் வந்த தன் பத்தாம் தலைமுறை லேப்டாப் பிராசஸர்கள் சிலவற்றிலிருந்து இன்டெல் தண்டர்போல்ட்டைச் சிப்புக்குள்ளேயே வைக்கத் தொடங்கியது. நடுத்தர விலையிலும் மின்னல் குறி தென்படத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

எல்லாவற்றையும் இந்த ஒரே வாயில் அடக்கிவிடலாம் என்று முயன்று பார்த்தது ஆப்பிள். 2015இல் வந்த 12 அங்குல மேக்புக்கில் ஹெட்போன் ஜாக்கை விட்டால் ஒரே ஒரு டைப்-சி மட்டும். சார்ஜ் போட்டால் பென்டிரைவ் போட இடம் கிடையாது. அடுத்த ஆண்டு மேக்புக் ப்ரோவிலும் ஹெச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, காந்தச் சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டைப்-சி வடிவத்தில் மட்டும் போர்ட் வைத்தார்கள். போட்டோகிராபர்களும் வீடியோ எடிட்டர்களும் பை நிறைய அடாப்டர் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 2021 மேக்புக் ப்ரோவில் மூன்றும் திரும்பி வந்தன. காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்ற பஞ்சாயத்தில், மெலிவு தோற்றுப்போன அபூர்வமான வழக்கு அது.

படி 6: மானிட்டரும் புரொஜெக்டரும்

ஹெச்டிஎம்ஐயை ஹிட்டாச்சி, பானாசோனிக், பிலிப்ஸ், சோனி, தோஷிபா போன்ற டிவி உலகத்துக் கம்பெனிகள் சேர்ந்து உருவாக்கின. முதல் வடிவம் 2002இல் வந்தது. மானிட்டர் உலகம் 2006இல் டிஸ்ப்ளேபோர்ட்டைக் கொண்டுவந்தது. தொழில்நுட்பத்தில் அது குறைந்தது இல்லை. ஆனாலும் வீட்டு டிவியிலும் ஓட்டல் அறையிலும் மீட்டிங் ஹாலிலும் சுவரில் தொங்குவது ஹெச்டிஎம்ஐ ஒயர்தான். அதனால் லேப்டாப் கம்பெனிகள் ஆண்டுக் கட்டணமும், ஒவ்வொரு லேப்டாப்புக்கும் சில சென்ட் ராயல்டியும் கட்டி அதையே வைக்கின்றன.

எண்ணைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே திரையில் வினாடிக்கு 30 படம்தான் போகும், மவுஸை நகர்த்தினாலே இழுப்பு தெரியும். 2.0 என்றால் 60. சாதாரண ஃபுல் ஹெச்டி மானிட்டர் மட்டும்தான் என்றால் 1.4 போதும்.

செட்டாப் பாக்ஸையோ பிளேஸ்டேஷனையோ லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐயில் மாட்டி லேப்டாப் திரையில் பார்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. அது வெளியே அனுப்பும் வழி மட்டும். உள்ளே வாங்க கேப்சர் கார்டு என்று தனிப் பொருள் வேண்டும்.

திருகு போட்டு இறுக்கும் நீல நிற 15 பின் விஜிஏ, ஐபிஎம் 1987இல் கொண்டுவந்தது. 2015க்குள் நிறுத்திவிடுவோம் என்று இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங் எல்லாம் 2010 டிசம்பரிலேயே அறிவித்தன. புது லேப்டாப்பில் இன்று அதைப் பார்ப்பது அரிது. வகுப்பறை புரொஜெக்டர்கள் மட்டும் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை. அங்கே வேலை என்றால் ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். டிஜிட்டலை அனலாக் ஆக்க உள்ளே சிப் வேண்டும், வெறும் ஒயரால் நடக்காது. எனவே மிக மலிவான ‘இரண்டு பக்கமும் முனை மட்டும்’ கேபிளை வாங்காதீர்கள்.

படி 7: மிச்சமிருப்பவை

லேன்: ஆபீஸ் ஐடி ஆட்கள் நூறு லேப்டாப்பில் ஒரே நேரத்தில் விண்டோஸ் ஏற்றுவது பெரும்பாலும் இந்த ஒயர் வழியாகத்தான், அதனால் அவர்கள் விட மாட்டார்கள். வைஃபை திணறும் அடுக்குமாடி வீட்டில் ஆன்லைன் தேர்வு எழுதுகிறவருக்கும் இது பெரிய தைரியம். லேப்டாப்பில் இல்லையென்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் நன்றாகவே வேலை செய்யும்.

ஹெட்போன் ஜாக்: போன்கள் கைவிட்டாலும் லேப்டாப்கள் விடவில்லை. மீட்டிங்கில் சார்ஜ் தீர்ந்துபோகாத ஹெட்செட் இதில்தான் ஓடும். பின்னில் கருப்பு வளையம் மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்தது. பச்சையும் ரோஸும் என்று இரண்டு பின் உள்ள பழைய ஹெட்செட் என்றால் ஒரு சின்ன ஸ்பிளிட்டர் வேண்டும்.

எஸ்டி கார்டு: கேமரா உள்ளவர்களுக்கு மட்டும்.

ஓரத்தில் 7க்கு 3 மில்லிமீட்டரில் நீள்சதுரமாக ஒரு ஓட்டை இருக்கும். அதில் எதையும் செருகிப் பார்க்காதீர்கள். அது லேப்டாப்பை மேசையோடு சங்கிலி போட்டுப் பூட்டுவதற்கான இடம்.

படி 8: ஹப்பும் கேபிளும் வாங்கும்போது

பட்டியலில் போர்ட் கிடைக்காத பொருட்களுக்கு டைப்-சி ஹப் வாங்கலாம். சென்னை ரிச்சி தெருவில் ஆரம்பித்து ஆன்லைன் வரை எல்லா விலையிலும் கிடைக்கிறது. முதலில் லேப்டாப்பின் டைப்-சியில் திரை வசதி உண்டா என்று உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் ஹப்பில் உள்ள ஹெச்டிஎம்ஐ வெறும் அலங்காரம்.

அடுத்து, ‘4கே’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் பக்கத்தில் 30 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா (வினாடிக்கு எத்தனை படம்) என்று பாருங்கள். அந்த நான்கு தடங்களில் இரண்டை யூஎஸ்பிக்கு எடுத்துக்கொண்டு இரண்டை மட்டும் திரைக்குக் கொடுக்கும் மலிவு ஹப்களில் 30தான் வரும். ஹப்பில் சார்ஜரையும் மாட்டுவதாக இருந்தால், ஹப் தனக்கென்று கொஞ்சம் வாட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் லேப்டாப்புக்கு விடும். 65 வாட் லேப்டாப்புக்கு அதைவிடப் பெரிய சார்ஜரை வைத்துக்கொள்வது நல்லது. எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தச் சிப் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஓட்டும். இரண்டு ஹெச்டிஎம்ஐ உள்ள சாதாரண ஹப் வாங்கினால் இரண்டாவது சும்மா கிடக்கும்.

கேபிளும் போர்ட் மாதிரியே முகத்தில் எதையும் காட்டாது. சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்களில் பல டேட்டாவை 2.0 வேகத்தில்தான் கடத்தும், மானிட்டரை ஓட்டவே ஓட்டாது. 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள்ளேயே ஒரு அடையாளச் சிப் இருக்க வேண்டும். 100 வாட், 240 வாட் என்று கேபிளில் எழுதியிருந்தால் வாங்குங்கள். எதுவும் எழுதாத கேபிள் போனுக்கு மட்டும். மானிட்டருக்கு ஒன்று, சார்ஜுக்கு ஒன்று என்று வைத்து, வாங்கின அன்றே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 9: திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள்

லேப்டாப் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு போர்ட்டையும் சோதித்துவிடுங்கள். யூஎஸ்பி எல்லாவற்றிலும் ஒரே பென்டிரைவை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பெரிய ஃபைலை ஏற்றிப் பாருங்கள், எது வேகம் எது மெதுவென்று தெரிந்துவிடும். டைப்-சி இரண்டு இருந்தால் இரண்டிலும் சார்ஜ் ஏறுகிறதா, இரண்டிலும் மானிட்டர் தெரிகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு டிவியிலாவது ஹெச்டிஎம்ஐயை மாட்டுங்கள். முனை லொட லொடவென்று ஆடினாலோ, தொட்டால் இணைப்பு விட்டு விட்டு வந்தாலோ ‘பரவாயில்லை, பழகிவிடும்’ என்று விடாதீர்கள். டைப்-சி வாயைப் பத்தாயிரம் தடவை செருகி எடுத்தாலும் தாங்கும்படிதான் விதி வகுத்திருக்கிறார்கள். புதிதிலேயே ஆடுவது ஒட்டுவேலையில் உள்ள கோளாறு. பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.